பிஎச்டி ப்ரபோசலை எடிட்டிங்குக்குக் கொடுக்கப் போகிறீர்களா? கொஞ்சம் பொறுங்கள்

வெளிநாட்டு ஸ்காலர்ஷிப்புக்கு ஆய்வுத் திட்டம் எழுதிக்கொண்டிருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். "ஆங்கிலத்தை மட்டும் திருத்தித் தருகிறோம்" என்று விளம்பரம் செய்யும் இடங்களில் வரைவைக் கொடுக்கும் முன் இதை முழுசாகப் படித்துவிடுங்கள்.

ஜெர்மனியின் டிஏஏடி (ஜெர்மன் கல்விப் பரிமாற்ற அமைப்பு) தரும் முனைவர் பட்ட உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கத் தயாராகிக்கொண்டிருந்தேன். அதற்கு ஆய்வுத் திட்டம் பத்துப் பக்கத்துக்குள் இருக்க வேண்டும், கூடவே வேலைக்கான கால அட்டவணையும் வேண்டும். அங்கே நம்மை ஏற்றுக்கொள்ளும் பேராசிரியரிடம் திட்டத்தை முன்கூட்டியே பேசி, அவருடைய கடிதத்தையும் வாங்க வேண்டும். என் தலைப்பு சிவகங்கைப் பக்கத்துக் கண்மாய்கள். 1858-இல் சென்னை மாகாணத்தில் வந்த கட்டாய உழைப்புச் சட்டம் குடிமராமத்தை (ஊர்க்காரர்களே சேர்ந்து கண்மாயைப் பராமரிக்கும் வழக்கத்தை) என்ன செய்தது, மடை திறக்கும் நீர்க்கட்டிகளின் பொறுப்பு யார் கைக்குப் போனது என்பதுதான் கேள்வி. வயதான நீர்க்கட்டிகளிடம் உட்கார்ந்து பேசி, பழைய வருவாய் ஆவணங்களோடு ஒப்பிட்டுப் பார்ப்பது என் முறை.

அப்படி விளம்பரம் செய்த ஓர் எடிட்டிங் நிறுவனத்திடம் மொழி திருத்தத்துக்கு மட்டும் 12,000 ரூபாய் பேசினேன். பாதியை முன்பணமாகக் கொடுத்தேன். உள்ளடக்கத்தில் கை வைக்கக் கூடாது என்று மெயிலிலேயே எழுதியிருந்தேன். "நாளைக்கு, நாளைக்கு" என்று இழுத்து, பேராசிரியருக்கு நான் அனுப்ப வேண்டிய நாளுக்கு முந்தின இரவில்தான் ஃபைல் வந்தது, அதுவும் மீதிப் பணத்தைக் கட்டிய பிறகு.

திறந்து பார்த்தால் என் முதல் பக்கமே இல்லை. உலகெங்கும் தண்ணீர்ப் பற்றாக்குறை என்று யாருக்கும் எதற்கும் பொருந்தும் இரண்டு பக்கம் இருந்தது. நேர்காணல் இருந்த இடத்தில் 500 விவசாயிகளிடம் வினாப்பட்டியல், எஸ்பிஎஸ்எஸ் என்ற புள்ளிவிவர மென்பொருளில் பகுப்பாய்வு. நீர்க்கட்டி என்ற சொல்லே எங்கும் இல்லை. கடைசியில் நான் படித்தே இராத கட்டுரைகள் மேற்கோள் பட்டியலில் வரிசையாக நின்றன. ஒன்றின் டிஓஐ எண்ணை, அதாவது கட்டுரையின் அடையாள எண்ணை, இணையத்தில் போட்டுப் பார்த்தேன், சிறுநீரக நோய் பற்றிய கட்டுரை திறந்தது. இன்னொன்றில் ஆய்வாளர் பெயர் நிஜம், இதழும் நிஜம். ஆனால் அந்த இதழின் அந்த ஆண்டுப் பொருளடக்கத்தில் அப்படி ஒரு கட்டுரையே கிடையாது.

போன் செய்தேன். "டென்ஷன் ஆகாதீங்க சார், எங்க பிஎச்டி டீம் பண்ணது. கமிட்டி இப்படித்தான் எதிர்பார்க்கும்" என்றார்கள். மேற்கோள்களை மாற்ற வேண்டுமானால் தனிக் கட்டணம். அதே பேச்சில், 40,000 கொடுத்தால் ஸ்கோபஸ் என்ற ஆய்விதழ்த் தரவுத்தளத்தின் பட்டியலில் உள்ள இதழில் உங்கள் பெயரில் கட்டுரையும் போட்டுத் தருகிறோம் என்று வேறு சொன்னார்கள். பணத்தைத் திருப்பிக் கேட்டதற்கு "டெலிவரி ஆயிடுச்சே சார்" என்பதோடு முடித்துக்கொண்டார்கள்.

அன்றிரவு என் பழைய வரைவையே எடுத்து, ஆங்கிலம் எப்படி இருந்ததோ அப்படியே பேராசிரியருக்கு அனுப்பினேன். பதிலில் அவர் மொழியைப் பற்றி ஒரு வார்த்தை எழுதவில்லை. நீர்க்கட்டிகளை எந்த அடிப்படையில் தேர்ந்தெடுப்பீர்கள், ஆவணமும் அவர்கள் சொல்வதும் முரண்பட்டால் என்ன செய்வீர்கள் என்று இரண்டே கேள்விகள். அந்தப் போலி மேற்கோள்களோடு அனுப்பியிருந்தால் என் நேர்மையைப் பற்றி அவர் என்ன நினைத்திருப்பார் என்று யோசித்தால் இப்போதும் பதறுகிறது.

இதைவிட மோசமானது சில மாதம் கழித்துத் தெரிய வந்தது. அதே இடத்தில் விசாரித்த ஜூனியர் ஒருவர், "மாதிரி ப்ரபோசல்" என்று அவர்கள் வாட்ஸ்அப்பில் அனுப்பிய ஃபைலை என்னிடம் காட்டினார். அது நான் எழுதிய வரைவு. பெயரை மட்டும் நீக்கியிருந்தார்கள். எங்கள் ஊர்க் கண்மாயின் நாலாவது மடை தூர்ந்து போனதைப் பற்றி நான் எழுதியிருந்த வரிகூட அப்படியே இருந்தது. எத்தனை பேருக்கு இது போயிருக்கும் என்று எனக்குத் தெரிய வழியில்லை. அதை யாராவது கொஞ்சம் மாற்றி விண்ணப்பித்து, நாளைக்கு ஒப்பிட்டுப் பார்த்தால், காப்பியடித்தவன் யார் என்று நான் நிரூபிக்க வேண்டிவரும். நல்லவேளையாக, என் கைடுக்கு ஒவ்வொரு வரைவையும் தேதியோடு மெயிலில் அனுப்பி வைத்திருக்கிறேன். நீங்களும் அப்படிச் செய்யுங்கள்.

அரசுக் கல்லூரியில் தமிழ் வழியில் படித்து, வீட்டிலேயே முதல் ஆளாக முனைவர் பட்டத்துக்குப் போகிறவர்களின் ஆங்கில பயத்தை வைத்துத்தான் இவர்கள் பிழைக்கிறார்கள். எனக்கு ஆத்திரமே அதில்தான். மொழி திருத்த ஆள் வேண்டுமென்றால் துறை சீனியரிடமோ, கல்லூரி ஆங்கிலத் துறையிலோ கேளுங்கள். வெளியில்தான் கொடுக்க வேண்டும் என்றால் திருத்தங்கள் எல்லாம் தெரியும்படி டிராக் சேஞ்சஸ் போட்ட ஃபைலைக் கேளுங்கள். அதற்கு மறுத்தால் அங்கேயே பேச்சை முடித்துக்கொள்ளுங்கள். அப்புறம், டிஏஏடி விண்ணப்பத்துக்குக் கட்டணமே கிடையாது. "உள்ளே ஆள் இருக்கிறார்" என்று யாராவது காசு கேட்டால் அது பச்சைப் பொய்.

ஏற்கெனவே ஏமாந்திருந்தால் ரசீது, மெயில், வாட்ஸ்அப் உரையாடல் எதையும் அழிக்காதீர்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதியலாம். மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலும் மனுப் போடலாம், சேவைக்கு நீங்கள் கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் அங்கே மனுக் கட்டணம் இல்லை. நான் 1915-இல் பதிந்துவிட்டேன், ஆணையத்துக்கான மனுவும் தயாராகிறது. அந்த "மாதிரி ப்ரபோசல்" உங்களுக்கும் வந்திருந்தால், கண்மாய், நாலாவது மடை என்று இருந்தால், தயவுசெய்து ஸ்கிரீன்ஷாட் எடுத்து எனக்கு அனுப்புங்கள். மனுவோடு இணைக்க வேண்டும்.