வயர்கார்டு டனல் வழியே வீட்டுக்கு ஐபிவி6: ஆறு மாதப் பயன்பாட்டுக்குப் பின்

என் வீட்டு இணைப்பில் ஐபிவி6 (இணைய முகவரிகளின் புதிய தலைமுறை) கிடையாது. பழைய தலைமுறையான ஐபிவி4 முகவரியும் எனக்கே எனக்கென்று ஒன்றில்லை. ரௌட்டரின் வெளிப்பக்கம் தெரிவது 100.64 என்று தொடங்கும் முகவரி, அதாவது ஒரு பொது முகவரியைப் பல வீடுகள் பங்கிட்டுக்கொள்ளும் ஏற்பாடு. எனவே வெளியே ஒரு சர்வரை வாடகைக்கு எடுத்து, அதனுடன் வந்த /56 முகவரித் தொகுதியை வயர்கார்டு டனல் (இரு கணினிகளுக்கிடையே மறையாக்கம் செய்த பாதை) வழியே வீட்டுக்குள் கொண்டுவந்தேன்.

அதற்கு முன் ஒரு சந்தா விபிஎன் சேவையில் ஏமாந்த கதையையும் சொல்லிவிட வேண்டும். ஐபிவி6 உண்டு என்ற விளம்பரத்தை நம்பிப் பணம் கட்டினால், வந்து சேர்ந்தது எஃப்டி என்று தொடங்கும், பொது இணையத்தில் செல்லாத ஒற்றைத் தனிமுகவரி. ரௌட்டரில் நாட் (முகவரியை மாற்றி அனுப்பும் ஏற்பாடு) போட்டு அதையே எல்லாக் கருவிகளுக்கும் பகிர்ந்து பார்த்தேன். ஆனால் 2012-இல் வெளியான ஆர்எஃப்சி 6724 என்ற இணையத் தர ஆவணத்தின் முன்னுரிமைப் பட்டியலில் அத்தகைய முகவரி ஐபிவி4-க்கும் கீழே இருப்பதால், பிரௌசர் ஐபிவி6 பக்கம் திரும்பவே இல்லை. கருவிகள் தாமே முகவரி அமைத்துக்கொள்ள ஒவ்வொரு உள்வலைக்கும் ஒரு /64 (/56-ஐப் பிரித்தால் கிடைக்கும் சிறிய தொகுதி) தேவை. எந்தச் சேவையை வாங்குவதானாலும், ஒரு தொகுதியை முழுதாக நம் பக்கம் ரௌட் செய்து தருவார்களா என்பதை முதலில் கேட்டுவிடுவது நல்லது.

வயர்கார்டைப் பொறுத்தவரை எனக்குக் குறை இல்லை. ஐபிவி6-ஐ நேரே ஐபிவி4-க்குள் பொதியும் பழைய 6இன்4 முறையில், எந்த வீட்டுக்கு என்று நாட் அறிய உதவும் போர்ட் எண்ணே பாக்கெட்டுக்கு (தரவுத் துண்டுக்கு) கிடையாது என்பதால், பங்கு முகவரிக்குப் பின்னால் இருக்கும் வீட்டுக்கு அது பெரும்பாலும் வந்து சேராது. வயர்கார்டோ அனைத்தையும் போர்ட் எண் உள்ள யுடிபியில் பொதிந்து அனுப்புகிறது. 25 நொடிக்கு ஒருமுறை கீப்அலைவ் (இணைப்பு உயிரோடிருக்கிறது என்னும் சிறு செய்தி) அனுப்பச் சொன்னால், நடுவிலுள்ள நாட் அந்த இணைப்பை மறப்பதில்லை. 2020-இல் வந்த லினக்ஸ் 5.6 முதல் கெர்னலிலேயே (இயங்குதளத்தின் மையப் பகுதியிலேயே) இருப்பதால், அமைப்பதற்கு ஒரு மாலைப்பொழுது போதுமானதாக இருந்தது.

அதன்பின் மூன்று மாலைகளை விழுங்கியது எம்டியு, அதாவது ஒரு பாக்கெட்டின் அதிகபட்ச அளவு. பிங் போனது, தேடுபொறி திறந்தது, ஆனால் சில தளங்கள் மட்டும் வெள்ளைத் திரையோடு உறைந்து நின்றன. வீட்டுக் கருவிகள் 1500 பைட் என்று எண்ணிக்கொண்டிருக்க, டனலுக்குள் செல்லக்கூடியது 1420 மட்டுமே. ஐபிவி6-இல் வழியிலுள்ள ரௌட்டர் பாக்கெட்டைத் துண்டாக்குவதில்லை. பெரிதாக இருக்கிறது என்று ஐசிஎம்பிவி6 (பிழைகளைத் தெரிவிக்கும் நெறிமுறை) செய்தி அனுப்பிவிட்டு அதைக் கைவிடும். அந்தச் செய்தியைத் தடுக்கும் ஃபயர்வாலுக்குப் பின்னால் உள்ள தளம், அதே பெரிய பாக்கெட்டைத் திரும்பத் திரும்ப அனுப்பிக்கொண்டே இருக்கும். ரௌட்டர் வீட்டுக் கருவிகளுக்கு அனுப்பும் அறிவிப்பிலேயே எம்டியு 1420 என்று சேர்த்து, டிசிபி எம்எஸ்எஸ் (ஒரு பாக்கெட்டில் ஏற்றும் தரவின் உச்ச அளவு) மதிப்பை 1360-க்குக் கட்டுப்படுத்திய பிறகுதான் அந்தத் தளங்கள் திறந்தன. (1420-இல் ஐபிவி6 தலைப்புக்கு 40, டிசிபி தலைப்புக்கு 20 போக மீதி 1360.)

வெளியூரிலிருந்து வீட்டுச் சேமிப்பகத்துக்குப் போர்ட் ஃபார்வர்டிங் இல்லாமல் நேரே எஸ்எஸ்எச் (தொலைவிலிருந்து கணினிக்குள் நுழைவது) செய்ய முடிவது, பட்ட பாட்டையெல்லாம் மறக்கச் செய்தது. ஆனால் அதே நேர்வழி அந்நியருக்கும் திறந்திருக்கும் என்பதால், உள்வரும் இணைப்புகளை முன்னிருப்பாக மறுக்கும் ஃபயர்வால் விதியைப் போட்ட பின்பே டனலை இயக்க வேண்டும்.

குறைகளும் உண்டு. வாடகைச் சர்வரின் முகவரி என்பதாலேயே சில தளங்கள் நம்மை ரோபோ என்று சந்தேகிக்கின்றன; வீடியோச் சேவைகள் சில மறுத்தே விடுகின்றன. சர்வர் நின்றுபோனால் கருவிகளுக்கு அது தெரியாது. கையிலுள்ள ஐபிவி6 முகவரியை நம்பி ஒவ்வொரு இணைப்புக்கும் சற்றே தயங்கி, பிறகுதான் ஐபிவி4-க்கு இறங்கி வருகின்றன. டனலின் மறுமுனை பதில் தராவிட்டால் ரௌட்டர் அறிவிப்பின் ஆயுளைப் பூஜ்ஜியமாக்கும் (அதாவது ஐபிவி6 வழி இப்போது இல்லை என்று கருவிகளுக்குச் சொல்லும்) ஒரு சிறு ஸ்கிரிப்டை எழுதி வைத்திருக்கிறேன். அது வந்த பிறகு, சர்வரை மறுதொடக்கம் செய்தால்கூட வீட்டில் யாரும் என்னைக் கூப்பிடுவதில்லை.