மஸ்கட்டிலிருந்து ஜபல் ஷம்ஸ்: ஒரு நாள் ஜீப் பயணம்

ஹஜர் மலைத்தொடருக்கு அழைத்துச் செல்லும் ஒரு நாள் பயணச் சேவைகள் மஸ்கட்டில் ஏராளம். நான் சென்ற நிறுவனத்தைப் பாராட்ட எனக்குக் கிடைத்த காரணம் அதன் ஓட்டுநர் ஒருவரே. நடுவயது ஓமானியரான அவருக்கு அந்த மலையின் ஒவ்வொரு மடிப்பும் பழக்கமாயிருந்தது.

கிழக்கு ஹஜரையும் மேற்கு ஹஜரையும் பிரிக்கும் சமாயில் பள்ளத்தாக்கில் நுழைந்ததும் அவர் வண்டியை ஓரமாக நிறுத்தினார். அங்குள்ள குன்றுகள் புல்பூண்டு ஏதுமின்றி, கரிபிடித்த அடுப்புக்கல் நிறத்தில் கிடக்கின்றன. கடலடித் தரையும் அதற்கும் கீழே பல கிலோமீட்டர் ஆழத்திலிருந்த மேன்டில் (புவியோட்டுக்கு அடியிலுள்ள அடுக்கு) பாறையும், ஏறத்தாழ 9.5 கோடி ஆண்டுகளுக்கு முன் உருவான சமுத்திரத் தட்டோடு சேர்ந்து அரேபிய நிலவிளிம்பின்மேல் தள்ளப்பட்டதால் உண்டான குன்றுகள் அவை. அவர் எடுத்துக் கொடுத்த கரும்பச்சைக் கல், தேய்ந்த சோப்புக்கட்டி போல வழுவழுப்பாக இருந்தது.

நண்பகலில், 3,000 மீட்டர் உயரமுள்ள ஜபல் ஷம்ஸ் மலையில், சாப்பாட்டுப் பொட்டலத்திலிருந்த எலுமிச்சைத் துண்டை அந்தக் கல்லின்மேல் பிழிந்தார், ஒன்றும் நடக்கவில்லை. காலடியிலிருந்த வெளிர்சாம்பல் கல்லைக் கத்தியால் சுரண்டி அதன்மேல் பிழிந்தபோது, பொடியில் சிறு குமிழிகள் நுரைத்தன. அது ஆழமற்ற கடலில் படிந்த சுண்ணாம்புப் பாறை. கிட்டத்தட்ட 1,000 மீட்டர் ஆழத்துக்கு வாடி குல் பள்ளத்தாக்கை வெள்ளநீர் அறுத்திருப்பது அந்தப் பாறையில்தான் என்று அவர் சொன்ன பிறகு எட்டிப் பார்த்தபோது, எதிர்ச்சுவரின் அடுக்குகள் ஒவ்வொன்றாகப் பிரிந்து தெரிந்தன.

குறை முழுவதும் நிறுவனத்தின் நேரத்திட்டத்தில்தான். நிஸ்வாவில் ஒரு நினைவுப்பொருள் கடைக்கு ஒன்றேகால் மணி நேரம் ஒதுக்கியவர்கள், பள்ளத்தாக்கின் விளிம்புக்குக் கொடுத்தது வெறும் நாற்பது நிமிடம். கைவிடப்பட்ட அஸ் ஸாப் கிராமத்துக்கு விளிம்போரமாகச் செல்லும் நடைபாதையின் படத்தை விளம்பரத்தில் பெரிதாகப் போட்டுவிட்டு, அதில் நடக்க நேரமே தராததை ஏமாற்று என்றுதான் சொல்வேன்.

2006இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த ஐந்து ஃபலஜ்களுள் (ஓமானின் பழைய பாசனக் கால்வாய்களுள்) ஒன்றான தாரிஸ் கால்வாயிலும் பத்து நிமிடம்தான் நின்றோம். நிலத்தடி நீரைச் சரிவு ஒன்றையே நம்பிப் பேரீச்சந்தோப்புகளுக்குக் கொண்டுசெல்லும் அந்த ஏற்பாட்டைப் பார்க்காமல், பாலைவன ஓரத்தில் நிஸ்வா போன்ற ஊர் எப்படித் தழைத்தது என்பது விளங்காது.

வழிகாட்டுதலுக்கு ஐந்துக்கு ஐந்து, திட்டமிடலுக்கு இரண்டு மதிப்பெண். முன்பதிவின்போதே கடை நிறுத்தத்தை நீக்கச் சொல்லிக் கேளுங்கள். வண்டி முழுவதையும் உங்கள் குழுவே எடுத்தால்தான் சம்மதிக்கிறார்கள்.