செயினுக்கு எதைப் போடுவது: பழைய ஆயிலா, கிரீஸா, கியர் ஆயிலா, ஸ்ப்ரேயா?

பைக் செயினுக்கு எண்ணெய் போடுவதில் நம் ஊரில் நான்கு கட்சிகள் உண்டு. இன்ஜினிலிருந்து இறக்கிய பழைய ஆயிலைத் தடவுகிறவர்கள், கிரீஸை அப்புகிறவர்கள், 90 நம்பர் கியர் ஆயில்காரர்கள், ஸ்ப்ரே கேன் வாங்குகிறவர்கள். நான் கியர் ஆயில் கட்சி. அதற்காக எல்லா வண்டிக்கும் எல்லா ஊருக்கும் அதுதான் சரி என்று சொல்ல மாட்டேன். எது சரி என்பதை முதலில் செயினும், அடுத்து நீங்கள் ஓட்டுகிற சாலையும்தான் முடிவு செய்கின்றன.

வண்டியை வெளிச்சத்தில் நிறுத்தி, குனிந்து செயினைப் பக்கவாட்டில் பாருங்கள். உள்தகட்டுக்கும் வெளித்தகட்டுக்கும் நடுவே மெல்லிய கறுப்பு ரப்பர் வளையம் தெரிந்தால் அது ஓ-ரிங் அல்லது எக்ஸ்-ரிங் செயின். கேடிஎம் டியூக் மாதிரி வண்டிகளில் இதைப் பார்க்கலாம். வளையம் இல்லாவிட்டால் சாதா செயின். 100 சிசி வண்டிகளில் பெரும்பாலும் இதுதான்.

இந்த வளையத்துக்கு ஏன் இவ்வளவு முக்கியத்துவம்? செயின் நீண்டுவிட்டது என்று சொல்கிறோமே, இரும்புத் தகடு நீள்வதில்லை. ஒவ்வொரு மூட்டிலும் பின் என்கிற சின்ன இரும்புக் குச்சி இருக்கிறது, அதைச் சுற்றிப் புஷ் என்கிற சின்னக் குழாய். இரண்டும் ஒன்றையொன்று தேய்த்துத் தேய்த்து இடைவெளி விழுகிறது. சின்ன வண்டிகளில் வரும் 428 செயினில் ஒரு பின்னிலிருந்து அடுத்த பின்னுக்கு 12.7 மில்லிமீட்டர். புதுசில் 20 கண்ணி அளந்தால் 254 மில்லிமீட்டர் வரும். மூட்டுக்குக் கால் மில்லிமீட்டர் தேய்ந்தால் அதுவே 259 ஆகிவிடும். அது 2 சதவீதம். அந்த அளவுக்கு வருவதற்குள் செயினையும், அது மாட்டி ஓடுகிற முன், பின் பல்சக்கரங்களான இரண்டு ஸ்ப்ராக்கெட்டையும் சேர்த்து மாற்றிவிட வேண்டும். ஆக, சாதா செயினுக்கு நீங்கள் போடும் எண்ணெய் அந்தப் பின்னுக்கும் புஷ்ஷுக்கும் நடுவே போய்ச் சேர வேண்டும். வெளியே பளபளப்பாகத் தெரிந்து பிரயோஜனமில்லை. ஓ-ரிங் செயினில் கதை வேறு. அங்கே கம்பெனியிலேயே உள்ளே கிரீஸ் வைத்து வளையத்தால் அடைத்துவிடுகிறார்கள். வெளியே நாம் போடுவது துரு பிடிக்காமல் இருக்கவும், புஷ்ஷின் மேல் உருளும் ரோலர் ஸ்ப்ராக்கெட் பல்லில் உட்காரும் இடத்துக்கும், ரப்பர் காய்ந்து வெடிக்காமல் இருக்கவும்தான்.

இதை மனதில் வைத்துப் பார்த்தால் கிரீஸ் முதல் சுற்றிலேயே போய்விடுகிறது. சாதா செயினில் கிரீஸ் உள்ளே இறங்காது, வெளியிலேயே நிற்கும். திறந்த செயினாக இருந்தால் சாலை மண் அதில் ஒட்டி, உப்புத்தாள் மாதிரி பல்லையும் ரோலரையும் அராவும். செயினுக்கு முழுக் கவர் உள்ள ஸ்பிளெண்டர் வகை வண்டியில் மண் அவ்வளவாகப் போகாது என்பதால் கொஞ்சம் மன்னிக்கலாம், அவ்வளவுதான். அந்தக் காலத்து மெக்கானிக்குகள் செயினைக் கழற்றி, மண்ணெண்ணெயில் கழுவிக் காயவைத்து, உருக்கிய கிரீஸில் முக்கி எடுப்பார்கள். அது நல்ல வேலை. சூட்டில் கிரீஸ் இளகி மூட்டுக்குள் போகும். ஆறிய கிரீஸை விரலால் அப்புவது அந்த வேலை ஆகாது.

பழைய இன்ஜின் ஆயிலுக்குக் காசு கிடையாது, எந்த ஒர்க்‌ஷாப்பிலும் கேட்டால் கொடுப்பார்கள். மெல்லிசாக இருப்பதால் மூட்டுக்குள் நன்றாகவே இறங்கும். பிரச்சினை, கூடவே என்ன இறங்குகிறது என்பதில். அந்த ஆயிலை நாம் மாற்றுவதே அதில் கரியும், உலோகத் தூளும், எரிபொருளால் உண்டான அமிலமும் சேர்ந்துவிட்டதால்தான். மைதானத்திலும் தெருவிலும் சொட்டினால் மண்ணையும் கெடுக்கும். ஆனாலும் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும்: வறண்டு சிவந்து கிறீச்சிடும் செயினைவிடப் பழைய ஆயில் போட்ட செயின் மேல். பால் கேனை ஏற்றிக்கொண்டு தினமும் விடியற்காலையில் கிளம்புகிறவர் கையில் வேறெதுவும் இல்லை என்றால் அதைப் போட்டுக்கொண்டு போகட்டும். கையில் நூறு இருநூறு ரூபாய் இருக்கிறவருக்கு அந்தச் சாக்கு செல்லாது.

உண்மையான போட்டி கியர் ஆயிலுக்கும் ஸ்ப்ரேக்கும்தான்.

90 என்ற எண்ணைப் பார்த்து இது இன்ஜின் ஆயிலைவிட இரண்டு மடங்கு கெட்டி என்று பலர் நினைக்கிறார்கள். கியர் ஆயிலுக்கு எண் போடும் முறையே தனி. 90 நம்பர் கியர் ஆயில், கெட்டித்தன்மையில் 40, 50 நம்பர் இன்ஜின் ஆயிலுக்குப் பக்கத்தில்தான் வரும். அதனால்தான் உள்ளே இறங்கவும் செய்கிறது, உடனே வழிந்தோடாமல் நிற்கவும் செய்கிறது. பல கம்பெனிகளின் கையேட்டிலேயே செயினுக்கு இதைத்தான் எழுதியிருக்கிறார்கள். 140 நம்பர் இன்னும் கெட்டி. தெறிப்பது குறையும், இறங்க நேரமெடுக்கும்.

போடும் விதத்தில்தான் பாதி பலன். ஓட்டிவிட்டு வந்து செயின் இளஞ்சூடாக இருக்கும்போது சென்டர் ஸ்டாண்டு போட்டு, நியூட்ரலில் பின்சக்கரத்தைக் கையால் பின்பக்கமாகச் சுற்றுங்கள். இருமல் மருந்தோடு வரும் டிராப்பர் போதும். கீழ்ச் செயினின் உள்பக்கத்தில், அதாவது ஸ்ப்ராக்கெட் பல் படும் பக்கத்தில், தகடுகள் சந்திக்கும் இரண்டு ஓரங்களிலும் சொட்டு வையுங்கள். சுற்றும்போது எண்ணெய் வெளிப்பக்கமாகத்தான் ஓடும் என்பதால் உள்ளே வைத்தால் மூட்டைக் கடந்து போகும். கால் மணி நேரம் விட்டு, பனியன் வேஸ்ட்டால் வெளித்தகடுகளைச் சுத்தமாகத் துடைத்துவிடுங்கள். இரவு முழுக்க அப்படியே நிற்கட்டும். 15 மில்லி தாண்டாது. 500 கிலோமீட்டருக்கு ஒருமுறை போட்டால், மாதம் 1,000 கிலோமீட்டர் ஓட்டுகிறவருக்கு ஒரு லிட்டர் கிட்டத்தட்ட மூன்று வருஷம் வரும்.

குறை, தெறிப்பு. முன் ஸ்ப்ராக்கெட்டில் 14 பல், பின்னால் 42 பல் என்று வைத்துக்கொண்டால், 60 கிலோமீட்டர் வேகத்தில் முன் ஸ்ப்ராக்கெட் நொடிக்கு 25 முறைக்கு மேல் சுற்றுகிறது. துடைக்காமல் விட்ட எண்ணெய் அத்தனையும் ரிம்மிலும் பேன்ட்டிலும் போய் உட்காரும். கியர் ஆயிலைத் திட்டுகிற பலர் இந்தத் துடைக்கிற வேலையைத்தான் விட்டிருப்பார்கள்.

ஸ்ப்ரேயில் பிசுக்கு எண்ணெயை ஒரு கரைப்பானில் கலந்து அடைத்திருக்கிறார்கள். அடித்ததும் மெல்லிசாக உள்ளே ஓடும், கரைப்பான் ஆவியானதும் பிசுக்கு மட்டும் தங்கிவிடும். தெறிப்பு குறைவு, மழையில் கழுவிப் போவதும் குறைவு. சென்டர் ஸ்டாண்டு இல்லாத வண்டிக்கு வசதி. அடித்த கையோடு கிளம்பினால் கரைப்பான் ஆவியாகாமல் எல்லாம் தெறித்துவிடும். அரை மணியாவது விட வேண்டும். விலையைப் பார்த்தால் அதே அளவுக்குக் கியர் ஆயிலைவிடக் கூடுதல். அதைவிட எனக்கு உறுத்துவது வேறு: அந்தப் பிசுக்கு மண்ணையும் பிடித்து வைத்துக்கொள்ளும். செம்மண் பூமியிலோ கட்டடம் கட்டுகிற சாலையிலோ ஓட்டினால் சீக்கிரமே கறுத்துத் திட்டுத் திட்டாகிவிடும், கழுவியெடுக்க இரட்டை வேலை. கியர் ஆயில் போட்ட செயினைத் துணியால் துடைத்தாலே அழுக்கு வந்துவிடும். துரு நீக்கும் மெல்லிய ஸ்ப்ரேயைச் செயினுக்கான எண்ணெய் ஸ்ப்ரே என்று நினைத்து அடிக்கிறவர்களும் இருக்கிறார்கள். அதில் தங்கி நிற்கிற எண்ணெய் மிகக் குறைவு, இரண்டு நாளில் செயின் மறுபடி வறண்டுவிடும்.

கழுவுவதற்கு மண்ணெண்ணெய் நல்லது. ரேஷனில் அது அரிதாகிவிட்டதால் டீசலுக்கு மாறியவர்கள் பலர், பாதகமில்லை, பின்னால் நன்றாகத் துடைத்துவிட்டால் போதும். பெட்ரோல் வேண்டவே வேண்டாம்; ரப்பர் வளையத்தைக் கெடுக்கும், தீ ஆபத்தும் உண்டு. ஓ-ரிங் செயினில் கம்பி பிரஷ்ஷும் கூடாது, பழைய டூத் பிரஷ் போதும். எதைச் செய்தாலும் இன்ஜினை ஓடவிட்டுச் செய்யாதீர்கள். துணியின் ஒரு நூல் மாட்டினால் விரல் ஸ்ப்ராக்கெட்டுக்குள் போய்விடும், கையை இழுக்க அவகாசமே இருக்காது.

ஊருக்குள் ஆபீஸ் போய்வரும் சாதா செயின் வண்டி என்றால் கண்ணை மூடிக்கொண்டு கியர் ஆயில் வாங்குங்கள். ஓ-ரிங் செயின், நெடுந்தூரம், பக்கவாட்டில் பெட்டி மாட்டிப் பயணம் என்றால் ஸ்ப்ரே கேன் பையில் வைக்கச் சௌகரியம். ஐப்பசி, கார்த்திகையில் சென்னையிலோ கடலூரிலோ தினமும் நனைகிறவர்கள் அந்த இரண்டு மாதம் மட்டும் ஸ்ப்ரேக்கு மாறிக்கொள்ளலாம். கடல் காற்றின் உப்பும் மழைத் தண்ணீரும் சேர்ந்தால் எண்ணெயில்லாத செயின் ஒரே இரவில் சிவந்துவிடும்.

இதில் யாரும் கவனிக்காதது வாட்டர் வாஷ். அழுத்தமாகப் பீய்ச்சும் தண்ணீர் செயினில் இருந்த எண்ணெயை அடியோடு கொண்டுபோய்விடும், வளையத்தைத் தாண்டியும் தண்ணீர் ஏறலாம். கழுவிய வண்டி பளிச்சென்று இருப்பதால் சந்தோஷமாக ஓட்டிக்கொண்டு வந்து நிறுத்திவிடுகிறோம். சர்வீசுக்கு விடும்போதே, செயினில் நேராகப் பீய்ச்ச வேண்டாம், கிரீஸ் வைக்க வேண்டாம் என்று ஜாப் கார்டில் எழுதச் சொல்லுங்கள். வீட்டுக்கு வந்ததும் செயினைத் துடைத்து, அன்றைக்கே எண்ணெய் போட்டுவிடுங்கள்.