டிரைவுக்குள் வரும் நிரலுக்கு எந்த வாசல்?

இலங்கை மலையகத்தின் ஹட்டனில் கணினி வகுப்பு எடுக்கிறேன். கம்ப்யூடேஷனல் ஸ்டோரேஜ் என்றால் என்னவென்று இங்குள்ள பிள்ளைகளுக்கு விளக்க அதிக நேரம் ஆகாது. ஏறக்குறைய நாலரைக் கிலோ பச்சைக் கொழுந்திலிருந்து ஒரு கிலோ தேயிலைதான் கிடைக்கும். அத்தனை பாரத்தையும் கடுகண்ணாவை மலைப்பாதை வழியாகக் கொழும்புக்கு இறக்குவானேன் என்று ஸ்டோரை, அதாவது தேயிலைத் தொழிற்சாலையை, தோட்டத்துக்குள்ளேயே கட்டினார்கள். காய்ந்த தூள் மட்டும் மலையிறங்குகிறது. கணினியின் தரவைச் சேமிக்கும் டிரைவிலும் அதே கணக்குதான். கோடிக்கணக்கான வரிகளில் நமக்கு நூறு வரி போதுமென்றால், எல்லாவற்றையும் மெமரிக்கு இழுக்காமல், வடிகட்டும் நிரலை டிரைவுக்குள் அனுப்பிவிடலாம்.

இதைச் சொல்லி முடித்ததும் ஒரு மாணவி கேட்டாள்: "சேர், வேற ஒருத்தர் எழுதின புரோகிராம் உள்ளே ஓடினா, அது என்னோட ஃபைலையும் படிச்சிராதா?"

படித்துவிடும். ஏனென்றால் டிரைவுக்கு ஃபைல் என்ற ஒன்றே தெரியாது. எண் போட்ட பிளாக்குகள்தான் தெரியும். எந்த ஃபைல் யாருடையது, யார் தொடலாம் என்பதெல்லாம் ஹோஸ்டின், அதாவது டிரைவ் பொருத்தப்பட்ட கணினியின், இயங்குதளத்திடம் இருக்கிறது. நிரல் உள்ளே போகிறது, அனுமதிப் பதிவு வெளியே நின்றுவிடுகிறது. அதனால் நிரலை டிரைவுக்குள் ஓட்டும் ஒவ்வொரு வழியையும் இந்த மாணவியின் கேள்வியை வைத்துத்தான் பார்க்கிறேன்.

முதல் வழி, டிரைவுக்குள்ளேயே முழு லினக்ஸ் இயங்குதளம். என்ஜிடி சிஸ்டம்ஸின் நியூபோர்ட் டிரைவ் நான்கு ஏஆர்எம் கார்டெக்ஸ்-ஏ53 செயலிக் கோர்களில் லினக்ஸை ஓட்டியது. நிரல் எழுதுபவருக்கு இதைவிட வசதி இல்லை. தெரிந்த மொழி, தெரிந்த கருவிகள். ஆனால் தரவு இருக்கும் ஒரே ஃபிளாஷ் சில்லுகளுக்கு இரண்டு இயங்குதளங்கள் அதிகாரிகளாகிவிடுகின்றன. உள்ளே ரூட் எனும் முழு அதிகாரம் கைமாறினால் ஹோஸ்ட் போட்ட கட்டுப்பாடு எதுவும் அங்கே செல்லாது. பாதுகாப்புத் திருத்தம் போட வேண்டிய இன்னொரு கணினியும் சேர்ந்துவிடுகிறது. டிரைவும் நிரலும் ஒரே நிறுவனத்துடையவை என்றால் சரி. பலர் பகிரும் சர்வரில் நான் இதை வைக்க மாட்டேன்.

எஃப்பிஜிஏ, அதாவது உள்சுற்றை நாமே மாற்றியமைக்கக்கூடிய சில்லு: அந்த வழியைச் சுருக்கமாகவே சொல்கிறேன். சாம்சங்கின் ஸ்மார்ட்எஸ்எஸ்டி ஒரு சைலிங்ஸ் எஃப்பிஜிஏவோடு வந்தது. வேகம் உண்டு, ஆனால் சுற்றையே வடிவமைக்கத் தெரிந்தவர் வேண்டும். நம் பிள்ளைகள் எழுதிப் பார்க்கக்கூடிய வழி இதுவல்ல.

உண்மையான போட்டி இபிபிஎஃப்புக்கும் வெப்அசெம்ப்ளிக்கும் நடுவில்தான்.

இபிபிஎஃப், லினக்ஸின் மையப்பகுதியான கெர்னலுக்குள் சின்ன நிரல்களை ஓட்டும் முறை. அது நிரலை ஓடவிடும் முன்பே சோதிக்கிறது. ஒவ்வொரு மெமரித் தொடுகையும் எல்லைக்குள் இருக்கிறதா, நிரல் எப்படியும் முடியுமா என்று வெரிஃபையர் எனும் சோதனை மென்பொருள் பார்க்கிறது. நிரூபிக்க முடியாததை உள்ளே விடுவதில்லை. நிரலின் தற்காலிக மெமரியான ஸ்டாக் வெறும் 512 பைட். லினக்ஸ் 5.2 வரும்வரை ஒரு நிரலில் 4096 கட்டளைகள்தான். 2019இல் அது பத்து லட்சமானது. கட்டளைத் தொகுதி 2024இல் ஆர்எஃப்சி 9669 என்ற பொது ஆவணமாக வெளிவந்ததால், அது இனி லினக்ஸின் தனிச்சொத்தும் அல்ல. சின்ன வடிகட்டிகளுக்கு அருமையான பொருத்தம். ஆனால் முழு நம்பிக்கையும் வெரிஃபையரின் தலையில் இருக்கிறது. 2021இல் சிவிஇ-2021-3490 என்ற எண்ணில் வெளியான பாதுகாப்புப் பிழை, வெரிஃபையர் 32 பிட் கணக்குகளின் எல்லையைத் தவறாகக் கணித்ததால் வந்தது. கெர்னல் மெமரியிலேயே எல்லை தாண்டி எழுத வழிவிட்டது. அப்புறம் வெரிஃபையர் எங்கே ஓடும் என்ற கேள்வி. ஹோஸ்டில் ஓடினால் டிரைவ் ஹோஸ்டை நம்ப வேண்டும். டிரைவில் ஓடினால் அத்தனை சிக்கலான மென்பொருளை டிரைவின் உள்மென்பொருளான ஃபர்ம்வேரில் ஏற்ற வேண்டும்.

வெப்அசெம்ப்ளி, முதலில் இணைய உலாவிகளுக்காக வந்த நிரல் வடிவம். அது நிரல் ஓடும்போது காவல் காக்கிறது. நிரலுக்கென்று ஒரு தனி நேர்கோட்டு மெமரி, 64 கிலோபைட் பக்கங்களாக. அதற்கு வெளியே கை நீட்ட முடியாது. கொடுக்கப்பட்ட செயல்களைத் தவிர வேறெதையும் அழைக்கவும் முடியாது. சி, ரஸ்ட் இரண்டிலும் இருக்கும் நிரல்களைக் கொண்டுவரலாம். ஆனால் முடிவில்லாச் சுற்றை அது தடுக்காது. நேர வரம்பை நாம்தான் வைக்க வேண்டும். பலரும் கவனிக்காத இடம் இன்னொன்று. பெரிய கணினியில் எல்லைச் சோதனையின் செலவை எம்எம்யு, அதாவது செயலியின் மெமரி மேலாண்மைச் சுற்று, வாங்கிக்கொள்கிறது. எஸ்எஸ்டி டிரைவை நடத்தும் கண்ட்ரோலர் சில்லுகளில் வழக்கமாக இருக்கும் கார்டெக்ஸ்-ஆர் வகைக் கோர்களில் பெரும்பாலும் எம்எம்யு கிடையாது. அப்போது ஒவ்வொரு தொடுகைக்கும் தனியாக ஒரு சோதனை, அதற்கான நேர இழப்பு. 2020இல் வந்த கார்டெக்ஸ்-ஆர்82இல் எம்எம்யு சேர்க்க முடியும். அந்த மாதிரிக் கோர் இருந்தால் வெப்அசெம்ப்ளி பக்கம் சாய்வேன். இல்லாவிட்டால் இபிபிஎஃப்.

ஆனாலும் இவை இரண்டும் நிரல் தன் வேலியைத் தாண்டாமல் பார்க்கும், அவ்வளவுதான். வேலிக்குள் எந்தத் தரவை வைக்கலாம் என்பதை இவை தீர்மானிப்பதில்லை. அந்த இடத்தில்தான் 2024 ஜனவரியில் ஏற்கப்பட்ட, ஹோஸ்டும் டிரைவும் பேசிக்கொள்ளும் முறையை வகுக்கும் என்விஎம்இ தரநிலைகள் எனக்குப் பிடித்திருக்கின்றன. அந்த முறையில் நிரல் நேராக ஃபிளாஷைத் தொடுவதில்லை. தேவையான பிளாக்குகளை டிரைவின் உள் மெமரிக்கு நகலெடுக்கச் சொல்வது ஹோஸ்ட். எந்த மெமரிப் பகுதிகளை நிரல் தொடலாம் என்ற பட்டியலைக் கொடுப்பதும் ஹோஸ்ட். நிரலை ஏற்றுவது, இயக்கத்துக்குத் தயார்செய்வது, ஓட்டுவது எல்லாம் தனித்தனிக் கட்டளைகள். ஃபைலின் உரிமையாளரைத் தெரிந்த இடத்திலேயே அனுமதி முடிவாகிவிடுகிறது. உள்ளே ஓடுவது இபிபிஎஃப்பா வெப்அசெம்ப்ளியா என்பது அதற்கு அடுத்த கேள்வி.

மாணவியிடம் இதைத்தான் சொன்னேன்: "ஹோஸ்ட் உன் ஃபைலை எடுத்துக் கொடுத்தால்தான் அந்த நிரல் பார்க்கும்." அவள் விடவில்லை. "முதல்ல ஓடினவரோட டேட்டா அந்த மெமரியிலேயே மிஞ்சியிருந்தா, சேர்?"

இனி எந்த டிரைவின் விவரக்குறிப்பைக் கையில் எடுத்தாலும் இதைத்தான் முதலில் தேடுவேன். அதுவரை வகுப்பில் டிரைவ் இல்லாமலே தொடங்குகிறோம்: ஒரு லேப்டாப்பில் இபிபிஎஃப் நிரலை ஓட்டும் யுபிபிஎஃப், இன்னொன்றில் வெப்அசெம்ப்ளியை ஓட்டும் வாஸ்ம்3, இரண்டிலும் ஒரே மழையளவுக் கோப்பை வடிகட்டும் நிரல். எல்லை தாண்டிப் படிக்கும் வரியை வேண்டுமென்றே எழுதுவது அந்த மாணவியின் பொறுப்பு.