ருங்குஸ் படக்கதைகள்: பழங்கதையா, கம்பத்து வாழ்க்கையா?

வகுப்பு வாசிப்பு மூலைக்குப் புத்தகம் வாங்க இந்த வருடம் 200 வெள்ளி கிடைத்தது. நான் தீபகற்ப மலேசியாவில் இருக்கும் ஈப்போக்காரன். ஆசிரியர் வேலையில் மாற்றலாகி, போர்னியோத் தீவில் உள்ள சபா மாநிலத்தின் வடமுனையில், கூடாட் வட்டாரத்தில் இருக்கிறேன். என் இரண்டாம் ஆண்டு வகுப்பில் பாதிக்கு மேல், இந்த வட்டாரத்துப் பூர்வகுடிகளான ருங்குஸ் இனப் பிள்ளைகள். அவர்கள் ஊரைப் பற்றிய புத்தகத்தையே வாங்கிவிடலாமே என்று தேடியதில் இரண்டு ரகம் கண்ணில் பட்டது. ஒன்று, ருங்குஸ் பழங்கதைகளைப் படத்தோடு சொல்வது. மற்றதில் கதை என்று பெரிதாக எதுவும் இராது. பாட்டியோடு மணி கோர்ப்பது, நெல் அறுப்பது, கம்பத்தில், அதாவது கிராமத்தில், ஒரு காலை, இப்படிப் போகும். காசில் முக்கால் பங்கை இரண்டாவது ரகத்தில் போட்டேன்.

விலையில் பெரிய வித்தியாசம் இல்லை. மொழி பெரும்பாலும் மலாய், சிலவற்றில் பக்கத்திலேயே ஆங்கிலமும் உண்டு. கம்பிப் பின் அடித்த புத்தகம் என்றால் இந்தக் கடற்காற்றில் சீக்கிரம் துருப்பிடித்து நடுத்தாள் கழன்றுவிடும். நூலால் தைத்ததாகப் பார்த்து வாங்குவது நல்லது.

பழங்கதை ரகத்தில் ஆசிரியருக்குச் சௌகரியம் அதிகம். தொடக்கம், சிக்கல், முடிவு எல்லாம் ஒழுங்காக இருக்கும், வகுப்பும் சத்தமில்லாமல் கேட்கும். சருகுமான் தன்னைவிடப் பத்து மடங்கு பெரிய மிருகத்தை ஏமாற்றும்போது கடைசி வரிசை வரைக்கும் சிரிப்புதான். ஆனால் சருகுமான் கதை போர்னியோ முழுக்க உண்டு, மலாய்க்காரர்களிடமும் உண்டு. அட்டையில் இருக்கும் 'ருங்குஸ்' என்ற சொல்லை மறைத்துவிட்டால், படத்தில் இருப்பது எந்த ஊர்க் காடு என்று யாராலும் சொல்ல முடியாது. போதாததற்குக் கடைசிப் பக்கத்தில் ஒரு நீதி வேறு. நாம் சின்ன வயதில் படித்த வடை சுட்ட பாட்டிக்கு நேர்ந்த அதே கதி.

ஒரு நாள் இந்த மாதிரிப் புத்தகம் ஒன்றை வாசித்து முடித்ததும் ஒரு பையன், "சிக்கு, என் ஓடு வேற மாதிரி சொல்வாங்க" என்றான். 'சிக்கு' என்றால் மலாயில் ஆசிரியர். நம் காதில் 'ஓடு' என்று விழும் சொல்லுக்குப் பாட்டி என்று பொருள். எப்படிச் சொல்வார் என்று ஆசையாகக் கேட்டேன். இரண்டு வாக்கியம் சொன்னான், புத்தகத்தைப் பார்த்தான், "இல்லை, இதுதான் சரி" என்று உட்கார்ந்துவிட்டான். பாட்டிக்குப் பாட்டி மாறுகிற கதைதான் அது. அச்சில் வந்துவிட்டதால் அவன் பாட்டி தோற்றுப்போனார்.

கம்பத்து வாழ்க்கைப் புத்தகத்தில் நடந்தது இதற்கு நேர்மாறு. ஒன்றில், பல குடும்பங்கள் ஒரே கூரையின் கீழ் வரிசையாக வாழும் நீண்ட வீட்டை ஆளுயரத் தூண்களின் மேல் தூக்கி வரைந்திருந்தார்கள். வாசலில் இருவாட்சி இறகு செருகிய தலைப்பாகையோடு ஒரு வீரன். ஒரு பெண் எழுந்து, "சிக்கு, இது சரவாக்" என்றாள். சரியாகத்தான் சொன்னாள், அது பக்கத்து மாநிலமான சரவாக்கின் பாணி. ருங்குஸ் நீண்ட வீடு தாழ்வானது, அதன் சுவர் வெளிப்பக்கமாகச் சாய்ந்திருக்கும். சட்டங்களுக்கு நடுவில் இடைவெளி விட்டிருப்பதால் காற்று உள்ளே வரும், தரையில் உட்கார்ந்து முதுகைச் சாய்த்துக்கொள்ளவும் வசதி. அவளே பலகைக்கு வந்து அந்தச் சாய்வை வரைந்து காட்டினாள். உடனே இன்னொருவன், "எங்க வீடு சிமெண்டு, யாரும் அப்படிச் சாய மாட்டாங்க" என்று சண்டைக்கு வந்தான். அரை மணி நேரப் பாடம் அதிலேயே போனது. அந்த அரை மணி நேரத்தில், ஜனவரியிலிருந்து வாயே திறக்காத இரண்டு பேர் பேசினார்கள்.

என்னைச் சாய்த்தது இதுதான். பழங்கதையில் தப்பு இருந்தாலும் ஏழு வயதுப் பிள்ளையால் அதைத் திருத்த முடியாது. அன்றாட வாழ்க்கையை வரைந்தால் திருத்தலாம். அங்கே அவர்கள்தான் வாத்தியார், நான் மாணவன். சுமாங்காப் கம்பத்தில் கோங் என்ற தாள வாத்தியம் செய்கிறார்கள். புத்தகத்தில் அந்தப் படம் வந்தபோது, தகட்டின் நடுவில் இருக்கும் குமிழை எப்படித் தட்டி எடுப்பது என்று ஒருவன் ஸ்கேலால் மேசையில் தட்டியே காட்டினான். கொம்பிசாவ் கம்பத்தில் வளர்க்கும் தேனீக்கள் படத்தில் வந்தால் யாரை எங்கே கொட்டியது என்ற பட்டியல் தொடங்கிவிடும். மார்பின் குறுக்கே போடும் பினாகோல் மணிப்பட்டையை எந்தத் தோளிலிருந்து எந்தப் பக்கம் இறக்குவது என்றும் வாதாடினார்கள்.

குறை இதிலும் உண்டு. பல புத்தகங்களில் கம்பம் அருங்காட்சியகம் போல இருக்கிறது. எல்லாரும் எப்போதும் கறுப்பு உடையில், கழுத்து நிறைய மணியோடு. காமாத்தான் அறுவடை விழாவில் போடுவதைப் போட்டுக்கொண்டே கோழிக்குத் தீனி வைக்கிறார்கள்! இன்று நீண்ட வீடுகளே குறைவு. பாவாங்காஸோ கம்பத்தில் இருப்பது சுற்றுப்பயணிகள் தங்குகிற இடம். தகரக் கூரையும் மோட்டார் சைக்கிளும் கால்பந்துச் சட்டையும் படத்தில் இருந்தால், ஓவியர் ஒரு தடவையாவது இந்தப் பக்கம் வந்திருக்கிறார் என்று நம்பலாம்.

மீதிக் காசில் வாங்கிய பழங்கதைகளில் ஒன்றைத்தான் திரும்பத் திரும்ப எடுக்கிறேன். நெல்லுக்கு ஆவி உண்டு, அது மனம் நோகாமல் அறுக்க வேண்டும் என்ற பழைய நம்பிக்கையை ஒட்டிய கதை. மலைச்சரிவு வயல், விரலிடுக்கில் வைத்துக் கதிர் கொய்யும் சின்னக் கத்தி, பூசை செய்யும் போபோலிசான் பெண் எல்லாம் இருப்பதால் பழங்கதையும் கம்பமும் ஒரே புத்தகத்தில் கிடைத்துவிடுகின்றன. பழங்கதை என்றால் இந்த மாதிரி வாங்குங்கள்.

ருங்குஸ் மொழி வரிகளும் சேர்ந்த புத்தகம் கிடைத்தால் எந்த ரகமானாலும் எடுத்துவிடுவேன். சபாவின் இன்னொரு பூர்வகுடி மொழியான கடாஸான்டூசுன் 1997-லிருந்து பள்ளிப் பாடமாக இருக்கிறது, ருங்குஸுக்கு அந்த இடம் இல்லை. ஆனால் அந்த வரிகளை என்னால் சரியாக உச்சரிக்க முடியாது. பிள்ளைகள் சிரிக்கிறார்கள், அப்புறம் திருத்துகிறார்கள்.

இதெல்லாம் ஒரே வகுப்பில், ஒரே வருடத்தில் பார்த்தது. ஈப்போவில் அக்கா மகளுக்கு இரண்டு ரகத்திலும் ஒவ்வொன்று அனுப்பினேன். அவளுக்குச் சருகுமான்தான் பிடித்தது. மணி கோர்க்கும் பாட்டியை இரண்டாம் பக்கத்திலேயே மூடிவிட்டாளாம். சுவர் எப்படிச் சாயும் என்று சண்டை போட அங்கே ஆள் இல்லையே. தீபகற்பத்துப் பிள்ளைக்குப் பரிசு என்றால் நானே பழங்கதையைத்தான் எடுத்துத் தருவேன்.

இங்கே வகுப்புக்கு என்றால், கடையில் முதலில் நீண்ட வீட்டுப் பக்கத்தைப் புரட்டிப் பார்க்கிறேன். சுவர் நெட்டுக்குத்தாக நின்றாலும் இப்போது வைத்துவிடுவதில்லை. அப்படி ஒரு பிரதி போதும், இரண்டு பாடவேளைக்கு வரும்.