நிலவில் வழி தேட: சப்பாத்தா, முதுகுப்பையா?

வடமராட்சியில் மணற்காட்டு மணல்மேடுகளில் நடந்துகொண்டிருந்தபோது தம்பியின் மகன் கேட்டான்: "பெரியப்பா, நிலவில வழி தவறினா என்ன செய்வினம்?"

உண்மையிலேயே தவறியிருக்கிறார்கள். 1971 பெப்ரவரியில், அப்பலோ 14 பயணத்தில், விண்வெளி வீரர்கள் ஷெப்பர்டும் மிட்செலும் காகித வரைபடத்தோடு கோன் பள்ளத்தின் விளிம்பைத் தேடி ஏறினார்கள். எங்கே நிற்கிறோம் என்றே பிடிபடாமல் திரும்பினார்கள். விளிம்பு ஏறத்தாழ 30 மீற்றரில்தான் இருந்திருக்கிறது. காற்றில்லாத இடத்தில் தூரத்துப் பொருள் மங்காது; அதனால் தூரம் பிடிபடாது. அளவு பார்க்கப் பனையும் இல்லை, வீடும் இல்லை. நிலவு முழுவதற்குமான காந்தப்புலம் இல்லாததால் திசைகாட்டியும் உதவாது.

இதற்கு இரண்டு விடைகளைச் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். ஒன்று, ஓஹையோ மாநிலப் பல்கலைக்கழகக் குழு முயன்ற சப்பாத்து உணரிகள். அசைவை அளந்து, கடந்த தூரத்தைக் கூட்டிக்கொண்டே போகும். சிறு பிழையும் சேர்ந்து பெருகும் என்பது இதன் நோய். ஆனால் பாதம் தரையில் ஊன்றும் கணத்தில் அதன் வேகம் பூச்சியம்; அதை வைத்து ஒவ்வோர் அடியிலும் பிழையைத் திருத்தலாம். எனக்கு மிகவும் பிடித்த யோசனை இது.

மற்றது நாசாவின் 'நாக்' (KNaCK) என்ற முதுகுப்பை. லேசர் கதிர் வீசிச் சுற்றுப்புறத்தை முப்பரிமாண வரைபடமாக்கும். நிலவின் தென்துருவத்தில் சூரியன் அடிவானத்தோடு கிடப்பதால் நிழல்கள் மிக நீளம். தன் ஒளியைத் தானே கொண்டுபோகும் கருவிக்கு அது தடையில்லை. ஆனால் முன்மாதிரி சுமார் 18 கிலோ. நிலவில் எடை ஆறிலொன்றாகும், சரி. ஆனால் திணிவு குறையாது; திரும்பும்போதும் சட்டென்று நிற்கும்போதும் அந்தப் 18 கிலோவும் இழுக்கும்.

செய்மதி? 2025 மார்ச்சில் ஜிபிஎஸ் சமிக்ஞையை நிலவின் தரையிலேயே பிடித்துக் காட்டினார்கள். தென்துருவத்திலோ, அந்தச் செய்மதிகள் சுற்றும் பூமி அடிவானத்தை ஒட்டியே நிற்கும். ஒரு மேடு மறைத்தால் போச்சு.

அன்று நாங்கள் கைபேசியில் ஜிபிஎஸ்ஸை நிறுத்தி, அடி எண்ணிக்கையை மட்டும் நம்பி நடந்தோம். தார் வீதியில் ஓரளவு பொருந்திய கணக்கு மணலில் பிசகியது. கால் புதைந்து சறுக்க, அடியின் நீளம் குறைந்துவிட்டது. நிலவுத் தூசியிலும் பாதம் முழுதாக ஓய்வதில்லை என்றால் சப்பாத்தின் திருத்தமும் தடுமாறும்.

ஆனாலும் கலத்துக்குத் திரும்புவதற்கு நான் சப்பாத்தைத்தான் தெரிவு செய்வேன். அதற்கு வானத்திலிருந்து எதுவும் வேண்டாம், சுமையும் இல்லை. புதிய இடத்தை ஆராய முதுகுப்பை. அடுத்த முறை மணற்காட்டில் துள்ளித் துள்ளி நடந்து பார்க்க வேண்டும். அப்பலோ வீரர்கள் அப்படித்தான் நகர்ந்தார்கள்.