‘புரோட்டீனைச் சரிசெய்து மைனஸ் பவரைக் குறைக்கிறோம்’ என்று சொன்னால் நம்பிவிடாதீர்கள்

குழந்தைக்கு வருடாவருடம் மைனஸ் பவர் ஏறுகிறதே என்று தவித்துக்கொண்டிருக்கும் பெற்றோர் தயவுசெய்து இதை முழுக்கப் படியுங்கள். கண் திசுவில் உள்ள வளர்ச்சிப் புரோட்டீனைச் சரிசெய்தால் கிட்டப்பார்வை திரும்பிப் போய்விடும் என்று சொல்லி ஒரு கண் மையத்தில் எங்களிடம் பெரிய தொகை வாங்கினார்கள். பெயர் போடவில்லை. இதே பேச்சு வேறு பெயர்ப்பலகையோடு உங்களிடமும் வரலாம், அதனால் எப்படி ஏமாற்றினார்கள் என்பதைத்தான் சொல்ல வேண்டும்.

என் மகளுக்கு ஒன்பது வயது. முதலில் எச்சில் எடுத்து ஒரு ஜீன் டெஸ்ட். "டிஜிஎஃப் பீட்டா புரோட்டீன் குறைவு மேடம், அதனால்தான் கண் நீண்டுகொண்டே போகிறது" என்று கலர் கலராக ஒரு ரிப்போர்ட் கொடுத்தார்கள். அதைக் கூட்ட ஒரு சொட்டு மருந்து, பாலில் கலந்து குடிக்க ஒரு பவுடர், முழுப் பணமும் முன்கூட்டியே. கண்ணாடியையும் குறைந்த பவரில் மாற்றிக் கொடுத்தார்கள், அப்போதுதான் கண் தானாக உழைக்குமாம்.

இதில் கோபம் வருவதே, சொன்னதில் பாதி உண்மை என்பதால்தான். பிறக்கும்போது சுமார் 17 மில்லிமீட்டர் இருக்கும் விழி, வளர்ந்தவர்களுக்கு 23, 24 வரை போகும். அந்த அளவோடு நிற்காமல் நீண்டால் கிட்டப்பார்வை. அப்படி நீளும்போது விழியின் வெள்ளைச் சுவரில், அதாவது ஸ்க்ளீராவில், உறுதி தரும் கொலாஜன் என்ற நார்ப்புரோட்டீன் குறைந்து சுவர் மெலிகிறது. மரமூஞ்சூறு என்ற சிறு விலங்கிடம் செய்த ஆய்வுகளில் அந்தச் சுவரில் டிஜிஎஃப் பீட்டா குறைவதையும், கொலாஜனைச் சிதைக்கும் எம்எம்பி-2 என்ற நொதி கூடுவதையும் பார்த்திருக்கிறார்கள். இதுவரை சரி. ஆனால் 1994-இல் கோழிக்குஞ்சுகளில் செய்த சோதனையில் எஃப்ஜிஎஃப் என்ற வேறொரு புரோட்டீன்தான் கண் நீளுவதைத் தடுத்தது, டிஜிஎஃப் பீட்டா அந்தத் தடுப்பையே கெடுத்தது. ஓரிடத்தில் குறைந்தால் கெடுதல், இன்னோரிடத்தில் கொடுத்தால் கெடுதல். விழித்திரையில் தொடங்கி ஸ்க்ளீரா வரை பல அடுக்குகளில் பல புரோட்டீன்கள் சேர்ந்து நடத்துகிற வேலை இது, எந்த இடத்தில் எது எவ்வளவு என்பதுதான் அங்கே எல்லாம். இதில் ஒன்றை மட்டும் எடுத்து, "இதைக் கூட்டினால் பவர் இறங்கும்" என்று விற்கிறவர் அந்த ஆராய்ச்சியைப் படித்தவராக இருக்க முடியாது, படித்திருந்தால் இன்னும் மோசம்.

அப்புறம் அந்தப் பவுடர். வாயால் குடிக்கும் புரோட்டீன் வயிற்றிலும் குடலிலும் செரித்து அமினோ அமிலமாகத்தான் ரத்தத்துக்குப் போகும், முழுசாகக் கண்ணைத் தேடிப் போகாது. சொட்டு மருந்தாக விட்டாலும் இவ்வளவு பெரிய மூலக்கூறு கருவிழியைத் தாண்டிக் கண்ணின் பின்பக்கம் சேர்வது மிகக் கடினம். விழித்திரை நோய்களுக்குப் புரோட்டீன் மருந்துகளைக் கண்ணுக்குள்ளேயே ஊசியாகப் போடுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

இனிதான் முக்கியமான விஷயம். சில மாதம் கழித்துப் போனபோது, பவர் -2.75-லிருந்து -2.00 ஆகிவிட்டது என்று சொல்லிக் கைகுலுக்கினார்கள். வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். ஆனால் அன்று மாலை அவளால் வீட்டுப்பாடம் எழுத முடியவில்லை, எழுத்தெல்லாம் மங்கலாகத் தெரிகிறது என்றாள், வெளிச்சம் பட்டால் கண்ணைச் சுருக்கினாள். அவள் கண்ணில் பரிசோதனைக்கென்று வேறொரு சொட்டு விட்டுக் கொஞ்ச நேரம் உட்கார வைத்துத்தான் அன்று பார்த்தார்கள். முதல் தடவை அந்தச் சொட்டே விடவில்லை. இரண்டு மெஷின் சீட்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன், இரண்டாவதில் மட்டும் மூலையில் பேனாவால் ‘டைலேட்டட்’, அதாவது சொட்டு விட்டுக் கண்மணியை விரித்துப் பார்த்தது, என்று எழுதியிருந்தது.

வேறொரு கண் மருத்துவரிடம் போய்க் கேட்டபோது விளங்கியது. குழந்தைகளின் கண்ணுக்குள் உள்ள தசை கிட்டத்தில் பார்ப்பதற்காகச் சட்டென்று இறுகிக்கொள்ளும், அப்படி இறுகியிருக்கும்போது அளந்தால் மைனஸ் பவர் கூடுதலாகக் காட்டும். சைக்ளோபென்டோலேட் போன்ற சொட்டு விட்டுத் தசையைத் தளர்த்திய பிறகு வருவதுதான் உண்மையான பவர். ஆக, முதல் நாளே சொட்டு விட்டு அளந்திருந்தால் -2.75 வந்திருக்காது. குறைந்தது என்று அவர்கள் காட்டிய முக்கால் பவர் அளக்கிற முறையில் இருந்த வித்தியாசம். அதைத்தான் மருந்தின் பலன் என்று சொல்லி அடுத்த பேக்கேஜுக்குக் கையெழுத்துக் கேட்டார்கள்.

இதைவிட வருத்தம் கண்ணாடி விஷயத்தில். வேண்டுமென்றே குறைந்த பவர் கொடுத்தால் கண்ணுக்கு நல்லது என்பது பழைய நம்பிக்கை. மலேசியாவில் குழந்தைகளிடம் இரண்டு வருடம் சோதித்து 2002-இல் வெளியிட்ட ஆய்வில், குறைவான பவர் போட்டவர்களுக்குத்தான் கிட்டப்பார்வை இன்னும் வேகமாக ஏறியது. இத்தனை மாதமும் என் பெண் கரும்பலகை சரியாகத் தெரியாமல் வகுப்பில் உட்கார்ந்திருந்தாள்.

நிஜமாகவே பயன் தருபவை இருக்கின்றன, அவை பவரை இறக்குவதில்லை, ஏறும் வேகத்தைக் குறைக்கின்றன. குறைந்த அளவு அட்ரோபின் சொட்டு அதில் ஒன்று. ஹாங்காங்கில் மூன்று அளவுகளை ஒப்பிட்டு 2019-இல் வெளியான ஆய்வில் 0.05 சதவீதம்தான் அதிகப் பலன் தந்தது. அதையும் மருத்துவர் பார்த்துத்தான் கொடுக்க வேண்டும். சீனாவில் குவாங்சோ பள்ளிகளில் தினமும் 40 நிமிடம் கூடுதலாக வெளியில் விட்ட குழந்தைகளில் மூன்று வருடத்தில் புதிதாகக் கிட்டப்பார்வை வந்தது சுமார் 30 சதவீதம் பேருக்கு, மற்றவர்களில் சுமார் 40. செலவே இல்லாத விஷயம்.

யாராவது பவரைக் குறைத்துக் காட்டுகிறேன் என்றால் விழியின் நீளத்தை, அவர்கள் பேச்சில் ஆக்ஸியல் லென்த், அளந்து சீட்டு கேளுங்கள். தசை இறுகினாலும் தளர்ந்தாலும் அந்த அளவு பெரிதாக மாறாது. ஒரு மில்லிமீட்டர் நீண்டால் ஏறத்தாழ இரண்டரை, மூன்று பவர் ஏறும், நீண்ட சுவர் பெரிய அளவில் திரும்பிச் சுருங்காது. எங்களுக்கு அதை ஒரு முறைகூட அளக்கவில்லை. புதிய மருத்துவர் அளந்து குறித்துக் கொடுத்திருக்கிறார், ஆறு மாதம் கழித்து அதே மெஷினில் மறுபடி பார்ப்பதாகச் சொன்னார். பணத்தைத் திருப்பிக் கேட்டதற்கு, டெஸ்ட் கட்டணம் திரும்ப வராது, பவுடரைப் பிரித்துவிட்டீர்கள் என்று பதில் வந்தது. சீட்டுகளை எல்லாம் நகல் எடுத்து வைத்து நுகர்வோர் புகார் எழுதிக்கொண்டிருக்கிறேன். இதே பேக்கேஜில் மாட்டியவர்கள் முதல் நாள் சீட்டையும் கடைசிச் சீட்டையும் எடுத்துப் பாருங்கள், சொட்டு விட்டு அளந்தார்களா இல்லையா என்று இரண்டிலும் எழுதியிருக்கிறதா என்று.